கொக்கு, கேமரா, கொடிக்கம்பம்

கூந்தன்குளம் என்பது திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்தில், மூலைக்கரைப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் ஊர். அந்த ஊருக்குப் பெயர் கொடுத்த குளத்துக்கும் அதுதான் பெயர். அந்தக் குளத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பறவைகள் சரணாலயத்துக்கும் அதே பெயர். இந்த மூன்றில் ஒன்றை மட்டும் தனியாகப் படம் பிடித்துவிடலாம் என்று நம்பி, விடியுமுன் கேமராவும் தோளுமாக வந்து இறங்குகிறவர் இயற்கை ஒளிப்படக்காரர். அது நடக்காது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்வதற்காகவே ஊரில் மின்கம்பி, ஃபிளெக்ஸ் தட்டி, எருமை, கட்சிக் கொடிக்கம்பம் ஆகியவை அங்கங்கே நிறுத்தி வைக்கப்பட்டுள்ளன.

இடம்

முதல் சிக்கல் பெயரிலேயே தொடங்குகிறது. இதே மாவட்டத்தில், இங்கிருந்து தெற்கே கடற்கரையில், ஆயிரம் மெகாவாட் அணு உலைகள் ஓடும் கூடங்குளம் இருக்கிறது. நடுவில் இருக்கும் சில எழுத்துகள்தான் வித்தியாசம். வெளியூர்க்காரர் 'குளம்' என்று முடியும் ஒரு பெயரைச் சொல்லி வழி கேட்டால், நெல்லைப் பேருந்து நிலையத்தில் அவருக்குத் திரும்பி வரும் முதல் கேள்வி, "உலையா, கொக்கா?" என்பது. கழுத்தில் பீரங்கி போன்ற ஒன்றைத் தொங்கவிட்டிருப்பவர் "கொக்கு" என்று சொன்னால் உடனே நம்பிவிடுவதில்லை. அணு உலைக்கு எதிரான 2011, 2012 போராட்ட நாட்களுக்குப் பிறகு, இந்தப் பக்கத்தில் பெரிய கேமராவோடு வருகிறவர் பத்திரிகைக்காரராகவோ, பத்திரிகைக்காரர் இல்லை என்று சொல்லிக்கொள்ளும் வேறு யாரோவாகவோதான் இருப்பார் என்ற எண்ணம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

இரண்டாவது சிக்கல் 'குளம்' என்ற சொல். காஞ்சிபுரம் பக்கத்தில் ஏரி, மதுரை ராமநாதபுரம் பக்கத்தில் கண்மாய் என்று சொல்லப்படுவது நெல்லையில் குளம். படித்துறையும் அல்லிப்பூவும் அதற்கு இலக்கணம் இல்லை. கரை, மடை, மறுகால் என்ற மூன்றும் இருந்தால் அது குளம். தண்ணீர் இருந்தால் கூடுதல் சிறப்பு. ஆகஸ்ட் மாதத்தில் குளத்தின் நட்டநடுவே நின்றுகொண்டு, "இங்கே குளம் எங்கே இருக்கு?" என்று ஆடு மேய்ப்பவரைக் கேட்ட வெளியூர்க்காரர்கள் ஒவ்வோர் ஊரிலும் ஒருவராவது உண்டு.

கூந்தன்குளம், அதை ஒட்டிய காடன்குளம் ஆகிய இரண்டும் சேர்ந்து சுமார் 129 ஹெக்டேர். 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாக 2022-இல் அறிவிப்பு வந்தது. ராம்சார் என்பது ஈரானில் காஸ்பியன் கடலோரத்தில் இருக்கும் நகரம். ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு ஒப்பந்தம் 1971 பிப்ரவரி 2 அன்று அங்கே கையெழுத்தானதால் அந்தப் பெயர். நாங்குநேரி வட்டாரத்தில் இந்தச் செய்தி போய்ச் சேர்ந்த விதம் வேறு. "குளத்தை ராம்சார் எடுத்துக்கிட்டாராம்" என்று டீக்கடையில் ஒருவர் சொன்னால், "எந்த ஆபீஸ் ராம் சார்? பழைய தாசில்தாரா?" என்று கேட்பதற்கு இன்னொருவர் இருப்பார். சாரை எப்போது போய்ப் பார்க்கலாம், வரும்போது என்ன கொண்டுவர வேண்டும் என்பதுவரை பேச்சு போய்விட்டால், காஸ்பியன் கடலுக்கு அதைத் திருப்பிக் கொண்டுபோவது கடினம்.

பருவங்கள்

இந்த வட்டாரத்துக்கு இரண்டு மழை, இரண்டு போகம், கணக்கற்ற தேர்தல். தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கத்தைக் குளிப்பாட்டிவிட்டு, இந்தப் பக்கத்துக்குக் காற்றை மட்டும் அனுப்பி வைக்கும். அதை நம்பிச் சாகுபடி செய்தால் கார். அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையை நம்பினால் பிசானம். நாங்குநேரிப் பக்கத்து விவசாயி இரண்டையும் நம்புவதில்லை. அவர் நாளிதழில் அணை நீர்மட்டத்தைப் பார்ப்பார். பாபநாசத்தின் முழு நீர்மட்டம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்பது இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் பெருக்கல் வாய்பாட்டுக்கு முன்பே தெரிந்துவிடும்.

1958-இல் கட்டி முடித்த மணிமுத்தாறு அணையின் பிரதான கால்வாய் நான்கு ரீச்சுகளாகப் பிரிகிறது. 'ரீச்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சேருதல் என்று பொருள். நாலாவது ரீச்சுக்கு அந்தப் பொருள் பொருந்தும் ஆண்டுகளும் உண்டு, பொருந்தாத ஆண்டுகளும் உண்டு. தண்ணீர் திறக்கக் கோரி மறியல், திறந்ததற்கு நன்றி அறிவிப்பு, திறந்தது எங்கள் கட்சியின் போராட்டத்தால்தான் என்று இன்னோர் அறிவிப்பு, வந்து சேரவில்லை என்று மறுபடி மறியல் என்பது இந்தக் கால்வாயின் நீரோட்டம்.

இந்தத் தண்ணீரைப் பொறுத்துத்தான் பறவைகள் வருகின்றன. டிசம்பர், ஜனவரியில் வந்து கூடு கட்டி, குஞ்சு பொரித்து, ஜூன் ஜூலைக்குள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகின்றன. சங்குவளை நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம் இவை கூடு கட்டிக் குடித்தனம் நடத்துபவை. பூநாரை வந்து போகும் விருந்தாளி. வரித்தலை வாத்து மங்கோலியா, திபெத் பக்கத்திலிருந்து இமயமலைக்கு மேலாகப் பறந்து வருவது. மலையைத் தாண்டி இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் வரும் வாத்து பெரும்பாலும் குறித்த மாதத்தில் வந்துவிடுகிறது. மாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் அணையிலிருந்து வர வேண்டிய தண்ணீர்தான் சில ஆண்டுகளில் அதற்குப் பிறகு வருகிறது.

ஊராரின் நம்பிக்கை எளிமையானது: பறவை வந்தால் மழை உண்டு, மழை வந்தால் பறவை உண்டு. இரண்டில் எது காரணம், எது காரியம் என்று கேட்டால், "ரெண்டும் வந்தாச் சரிதான்" என்பது பதில்.

உயிரினங்கள்

கூந்தன்குளத்தின் தனித்தன்மை, பறவைகள் குளத்துக்குள் இருக்கும் கருவேல மரங்களில் மட்டுமல்லாமல் ஊருக்குள்ளும் கூடு கட்டுவது. வீட்டு வாசல் வேம்பு, கொல்லைப்புறப் புளி, தெருமுனை மரம் என்று எதையும் விடுவதில்லை. ஒரு சங்குவளை நாரை மூன்று அடிக்குமேல் உயரம். ஒரு மரத்தில் இருபது முப்பது கூடுகள். கீழே வாசல் தெளித்துக் கோலம் போட்டால், அடுத்த நிமிடமே மேலேயிருந்து அதற்கு வெள்ளைப் புள்ளி வைக்கப்படும். துணி காயப்போடும் கொடி மரத்துக்கு எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்பது இந்த ஊரில் வாஸ்துவைவிட முக்கியமான சாஸ்திரம்.

ஆனாலும் யாரும் கூட்டைக் கலைப்பதில்லை. தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கொட்டும் ஒலிபெருக்கியும் அடக்கித்தான். கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து மீன் கொடுத்து வளர்த்து அனுப்புவதும் உண்டு. பறவை எச்சம் கலந்த வண்டலும் குளத்து நீரும் வயலுக்கு உரம். ஆகவே இது வெறும் கருணை இல்லை. வாடகை வாங்கிக்கொண்டு கொடுக்கும் கருணை. நீடித்து நிற்பது பெரும்பாலும் அந்த வகைதான்.

குளக்கரையில் பார்க்கக் கிடைக்கும் மற்ற உயிரினங்களை அடையாளம் காண்பது பழக்கத்தால் வரும். எல்லாக் கொக்கும் வெள்ளைதான். சின்னக் கொக்குக்கு அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். உண்ணிக்கொக்குக்கு அலகு மஞ்சள். மாட்டின் பின்னாலேயே நடக்கும். எல்லா வேட்டியும் வெள்ளைதான். கறுப்பு சிவப்புக் கரையா, நடுவில் ஒரு வெள்ளைக் கோடும் உண்டா என்பதைத் தொலைவிலிருந்தே கண்டுபிடிக்கத் தெரியாதவர் இந்த ஊரில் பேச்சு கொடுக்கக் கூடாது. இனப்பெருக்கக் காலத்தில் உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் ஆரஞ்சு நிறத்துக்கு மாறும், பருவம் முடிந்ததும் பழையபடி வெள்ளையாகிவிடும் என்று பறவை நூல்கள் சொல்கின்றன. வேட்டிக் கரை நிறம் மாறும் பருவத்தைப் பற்றி எந்த நூலும் பேசுவதில்லை.

ஆள்காட்டிக் குருவியைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். மனிதர் வருவதைக் கத்திக் காட்டிக் கொடுப்பதால் அந்தப் பெயர். ஒளிப்படக்காரர் தவழ்ந்து போய்க் கரையோரம் படுத்து, மூச்சை அடக்கி, விரலைப் பொத்தானில் வைக்கும் கணத்தில் அது எழுந்து குளம் முழுக்கச் செய்தி வாசிக்கும். ஊருக்குள் இதே வேலையை டீக்கடை செய்கிறது. வெளியூர் வண்டியின் கதவு சாத்தும் சத்தம் அடங்குமுன், எத்தனை பேர், எந்தப் பதிவெண், எவ்வளவு பெரிய கேமரா என்பது கடைசித் தெரு வரை போய்விடும்.

ஒளிப்படக்காரர்

திருநெல்வேலிக்கும் இயற்கை ஒளிப்படத்துக்கும் உள்ள உறவு பழையது. இந்தியாவின் முன்னோடி இயற்கையியலாளரும் ஒளிப்படக்காரருமான மா. கிருஷ்ணன் 1912-இல் பிறந்தது திருநெல்வேலியில்தான். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். வெவ்வேறு பாகங்களைக் கோத்துத் தானே உருவாக்கிய கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று தானே பட்டப் பெயரும் வைத்து, கறுப்பு வெள்ளையில் யானைகளையும் மான்களையும் படமெடுத்தார். பிலிம் காலம், ஒவ்வொரு சொடுக்கும் காசு. எனவே முதலில் விலங்கைப் பார்த்தார், பிறகு படம் எடுத்தார். இன்று வரிசை தலைகீழ்: நொடிக்கு இருபது படம் எடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்த்தான் என்ன பறவை என்று பார்க்கிறார்கள்.

இன்றைய ஒளிப்படக்காரரின் கருவி 600 மில்லிமீட்டர் லென்ஸ். உயர்தர வகையின் எடை சுமார் மூன்று கிலோ. விலை பத்து லட்ச ரூபாய்க்கு மேல். இந்த இரண்டில் எடையைத்தான் அவர் வீட்டில் சொல்வார். ஊரில் இதைப் பற்றி எழும் முதல் கேள்வி, "இதுல சினிமா எடுக்கலாமா?" என்பது. இரண்டாவது கேள்வி விலை. உண்மையைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்; நம்பிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். "ஒரு டிராக்டரக் கழுத்துல போட்டுக்கிட்டு அலையுதீயளா?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் அதற்குப் பதில் எந்தக் கையேட்டிலும் இல்லை.

உடை, இலையும் தழையும் அச்சிட்ட பச்சை. அமேசான் காட்டில் இதை உடுத்தியவர் கண்ணுக்குத் தெரிய மாட்டார். உடைமரமும் பனையும் வறண்ட புல்லும் நிற்கும் நாங்குநேரிச் சீமையில், இரண்டு கிலோமீட்டர் தொலைவிலிருந்து தெரியும் ஒரே பச்சை அவர்தான். பறவை அதைப் பார்த்து விலகுகிறது. ஆடு அதைப் பார்த்து நெருங்குகிறது. பறவைக்கு இந்த ஊரில் பழகிய உருவம், சாரத்தை மடித்துக் கட்டித் தோளில் துண்டு போட்ட ஆள். சாரம் கட்டியவர் நாரைக்குப் பத்தடியில் நின்று வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டிருப்பார். இலைச்சட்டைக்காரர் நூறடியில் தலையைத் தூக்கினாலே கூட்டம் கிளம்பிவிடும்.

நேரம், சூரியன் எழுந்த முதல் ஒரு மணி. ஒளிப்படக்காரர்கள் இதைப் பொன்னொளி என்பார்கள். ஊரில் இது பால் கறக்கும் நேரம், பள்ளிக்கூட வேன் வரும் நேரம், குழாயில் தண்ணீர் வரும் நேரம். ஒரு நாளில் இந்த ஊர் மிக அதிகமாக நடமாடும் ஒரு மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்து, ஆள் இல்லாத படம் ஒன்றை எடுக்க அவர் வருகிறார்.

ஆள் இல்லாத படம்

இந்தக் கலையின் அடிப்படை விதி, சட்டகத்துக்குள் பறவை மட்டும் இருக்க வேண்டும் என்பது. மனிதர், கம்பி, சுவர், பிளாஸ்டிக் குடம் எதுவும் கூடாது. பின்னணி வெண்ணெய் போலக் கரைந்திருக்க வேண்டும். இந்த விதி கூந்தன்குளத்தில் எப்படிச் செயல்படுகிறது என்பதற்கு ஒரு வேப்பமரத்தடியைப் பார்த்தால் போதும்.

தாழ்ந்த கிளையில் ஒரு நாரைக் கூடு. தாய் நாரை குஞ்சுகளுக்கு வெயில் படாமல் ஒரு சிறகை விரித்துப் பிடித்திருக்கிறது. கீழே, மரத்தின் தூரோடு தூராக ஓர் ஆச்சி காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். சேலை சிவப்பு. ஒளிப்படக்காரர் இடப்பக்கம் போகிறார்; சேலை. வலப்பக்கம் போகிறார், சேலையும் கீரைக்கட்டும். படுத்துப் பார்க்கிறார், ஆச்சியின் பாதம். வேறு வழியில்லாமல் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு கேட்கிறார்.

"ஆச்சி, ஒரு அஞ்சு நிமிஷம் அந்தப் பக்கம் உக்காந்துக்கிடுதியளா? படத்துல விழுது."

ஆச்சி கீரையிலிருந்து கண்ணை எடுப்பதில்லை.

"நான் எந்திரிச்சுப் போனா அதுவும் எந்திரிச்சுப் போயிரும் தம்பி. காக்கா வந்து குஞ்சத் தூக்கும். நீங்க எடுக்கணும்னா என்னையும் சேத்து எடுங்க."

பறவையியல் பாடநூல் ஒன்று பத்துப் பக்கத்தில் விளக்கும் செய்தி இது. காக்கையையும் பருந்தையும் விலக்கி வைக்கும் மனிதர்களுக்கு நடுவில் கூடு கட்டுவது பறவைக்கு லாபம்; அதனால்தான் காலி மரத்தை விட்டுவிட்டு ஆள் இருக்கும் வாசலுக்கு வருகிறது. படத்தில் விழக் கூடாதவர் மரத்தடியில் இருப்பதால்தான் படம் என்ற ஒன்று மரத்தில் இருக்கிறது. ஒளிப்படக்காரர் இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, ஆச்சியின் தலைக்கு மேல் கோட்டைப் போட்டு, நாரையை மட்டும் எடுத்துக்கொள்கிறார். படத்தின் கீழே பிறகு எழுதப்படும் தலைப்பு: 'தனிமை'.

குறுக்கீடுகள்

ஆச்சியைத் தவிர, சட்டகத்தில் புகும் பிற பொருட்கள் நான்கு வகைப்படும்.

முதலாவது மின்கம்பி. கரிச்சான், பஞ்சுருட்டான், பனங்காடை மூன்றும் கம்பியில் உட்காருவதையே விரும்புகின்றன. 'இயற்கையான கிளையில்' பனங்காடையைப் பிடிக்க அரை நாள் காத்திருப்பவர் உண்டு. பனங்காடைக்கு இயற்கையான கிளை என்பது மின்வாரியம் கட்டிக் கொடுத்ததுதான். கம்பியை நிலத்தடியில் கொண்டுபோனால் பறவைக்கும் நல்லது, படத்துக்கும் நல்லது என்று ஊராட்சிக்கு யோசனை சொன்னால், "முதல்ல மேல ஒழுங்கா வரட்டும்" என்பார்கள்.

இரண்டாவது எருமை. குளத்தில் கூழைக்கடா மீன் பிடிக்கும் இடமும் எருமை ஊறும் இடமும் ஒன்றே. எருமை சேற்றைக் கிளறுகிறது, மீனும் பூச்சியும் மேலே வருகின்றன, கொக்கு கூட வருகிறது. எருமையை விரட்டினால் கொக்கும் அதன் பின்னாலேயே போய்விடுகிறது.

மூன்றாவது சீமைக்கருவேலம். நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுக்குப் பின் மாவட்டம் மாவட்டமாக வெட்டினார்கள். வெட்டுவதற்கு முன் ஒரு படம், வெட்டிய பின் ஒரு படம், வெட்டும்போது மண்வெட்டியைத் தொட்டுக்கொண்டு ஒரு படம் எனத் தமிழ்நாட்டில் அதிகமாகப் படம் பிடிக்கப்பட்ட மரம் அந்த ஆண்டில் அதுதான். அதில் கூடு வைத்திருந்த கொக்குகள் அந்தப் படங்களில் இல்லை. அடுத்த மழையில் மரம் மறுபடி முளைத்தபோது அதைப் படமெடுக்க யாரும் வரவில்லை.

நான்காவதும் முதன்மையானதும் ஃபிளெக்ஸ். உயிரோடிருப்பவர்களின் படத்தைத் தட்டிகளில் போடக் கூடாது என்று 2017-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர் உத்தரவிட்டார். பின்னர் அந்த உத்தரவு மேல்முறையீட்டில் ரத்தானது. இடைப்பட்ட காலத்தில் தட்டி வைக்க ஆசைப்பட்டவருக்கு எஞ்சிய வழி ஒன்றுதான். அதை யாரும் விரும்பவில்லை. ஃபிளெக்ஸின் நிறங்கள் பொன்னொளியில் நன்றாகத் துலங்குவதும், வெண்ணெய் போலக் கரைக்கப்பட்ட பின்னணியிலும் அந்தந்தக் கட்சி நிறமாகவே கரைவதும் ஒளிப்படக்காரரின் தீராத் துன்பம். நாரையின் பின்னால் மங்கலாக ஒரு கறுப்பும் ஒரு சிவப்பும் தெரிந்தால் படம் யாருடையது என்ற கேள்வி வந்துவிடும்.

உள்ளூர் அரசியல்

நாங்குநேரி சட்டமன்றத் தொகுதிக்கு 2019 அக்டோபர் 21 அன்று இடைத்தேர்தல் நடந்தது. அதே ஆண்டு நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. டிசம்பரில் பெரும்பாலான மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, புதிதாகப் பிரிந்ததால் நெல்லையும் தென்காசியும் அதில் இல்லை. அந்தத் தேர்தல் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் வந்தது. இந்தத் தேர்தல் இரண்டும் அக்டோபரில் அமைந்ததால், வாக்கு கேட்கும் தட்டி இறங்கி, நன்றி சொல்லும் தட்டி ஏறி, அது கட்டிய கயிறு தளரத் தொடங்கும் வேளையில் சரியாகப் பறவைகள் வந்து சேர்ந்தன.

ஊராட்சித் தேர்தலில் ஒருவருக்கு நான்கு வாக்கு, நான்கு நிறச் சீட்டு. ஊராட்சி வார்டு உறுப்பினருக்கும் தலைவருக்கும் கட்சி கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ ரிக்சா போன்ற பொதுச் சின்னங்கள். ஒன்றிய, மாவட்டக் கவுன்சிலர்களுக்குத்தான் கட்சிச் சின்னம். சட்டப்படி கட்சியற்ற அந்த ஆட்டோ ரிக்சா எந்தக் கட்சியின் நிறுத்தத்தில் நிற்பது என்பது ஆட்டோவைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

வாக்கு கேட்டு வரும் வேட்பாளருக்குக் கூந்தன்குளம் போன்ற ஊர் இரண்டு சோதனைகளை வைக்கிறது. முதலாவது, அமைதி. பிற ஊர்களில் தலைவர் காரிலிருந்து காலை வெளியே வைத்தவுடன் பத்தாயிரம்வாலா வெடிக்கும். இங்கே வெடி கிடையாது. கதவைத் திறந்ததும் கேட்கும் ஒரே சத்தம் நாரை அலகைத் தட்டும் 'டக டக'. வெளியூர்த் தலைவருக்கு முதலில் தன் செல்வாக்கின் மீதே சந்தேகம் வந்துவிடும். உள்ளூர்க்காரர் காதோரம் விளக்கிய பிறகுதான் முகம் தெளியும். இரண்டாவது சோதனை, வெள்ளைச் சட்டை. வீடு வீடாகக் கும்பிட்டுப் போகும் பாதை முழுதும் மரத்தடி. கை கூப்பியிருக்கும்போது தோளில் விழுந்தால் துடைக்கவும் முடியாது, முகம் சுளிக்கவும் முடியாது. "நல்ல சகுனம் அண்ணாச்சி, விழுந்துட்டுல்லா, செயிச்சாச்சு" என்று ஊரார் வாழ்த்துவார்கள். எதிர்த்து நிற்பவரின் தோளிலும் நேற்று விழுந்தது, அவருக்கும் இதையே சொன்னோம் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

தேர்தலைவிட நீடித்த அரசியல் குளத்தில் இருக்கிறது. மடையை யார் திறப்பது, எப்போது அடைப்பது, எந்த வயலுக்கு முதல் தண்ணீர் என்பவற்றுக்காக 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாசன நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் உண்டு. அவற்றுக்கும் தேர்தல் உண்டு. 2017-இல் குடிமராமத்துத் திட்டம் மீண்டும் தொடங்கியது. முன்பு ஊர்கூடி மண்வெட்டியோடு செய்த வேலையைப் பொக்லைன் செய்தது. ஊர் கூடி நின்று பார்த்தது. அக்கம்பக்கத்துக் குளங்களில் மீன்பாசிக் குத்தகை எடுத்தவருக்கு ஒவ்வொரு கூழைக்கடாவும் ஒரு வரி ஏய்ப்பாளர். விவசாயிக்கு அதே பறவை இலவச உர வண்டி. வண்டல் மண் அள்ள அனுமதி வாங்கியவருக்கு, குளத்தில் தண்ணீர் தங்குவதே இடைஞ்சல். ஒரே கொக்கு, ஒரே குளம். பார்க்கிறவர் எந்த மடைக்குக் கீழே நிலம் வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்து அது வரமாகவோ வம்பாகவோ மாறுகிறது.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஜனவரி 26 பறவைகள் நிறைந்திருக்கும் நாள். தெருவிளக்கு, குடிநீர், சாலை என்ற வரிசையில் பேசி முடித்து, "குளத்துக்குத் தண்ணீர்" என்று வரும்போதுதான் எல்லாக் கரை வேட்டியும் ஒரே குரலில் பேசும். பறவைகளுக்காக என்று அந்தத் தீர்மானத்தில் ஒரு சொல்லும் இருக்காது. பறவைகளுக்கு உண்மையில் உதவிய தீர்மானம் அது ஒன்றுதான்.

கணக்கெடுப்பு

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துக் குளங்களில் தன்னார்வலர்கள் சேர்ந்து தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பை நடத்துகிறார்கள். அது 2011-இல் தொடங்கியது. முறை எளிது. பெருங்கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. நூறு பறவை எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணால் அளந்துகொண்டு, அந்த அளவை மொத்தக் கூட்டத்தின் மேல் வைத்து வைத்துப் பெருக்க வேண்டும். பொதுக்கூட்டத்துக்கு வந்த மக்களை எண்ணுவதும் இதே முறைதான். வேறுபாடு கணக்கு எழுதும் கையில் இருக்கிறது. பறவை எண்ணுபவர், ஒன்றையே இரண்டு தடவை எண்ணிவிட்டோமோ என்று பயந்து குறைத்து எழுதுவார். கூட்டம் எண்ணுபவருக்கு அந்தப் பயம் கிடையாது. காலி நாற்காலிகளையும் கட்சிக்காரர்களாகவே சேர்த்துக்கொள்வார்.

கணக்கெடுப்பு நாளில் ஒளிப்படக்காரர்களும் வருவார்கள். எண்ணுபவருக்கு ஆயிரம் பறவையும் வேண்டும். படமெடுப்பவருக்கு ஒன்று போதும், ஆனால் அது பறந்தாக வேண்டும். ஆகவே ஒருவர் எண்ணி முடிக்கும் நேரத்தில் மற்றவர் இருமுவார். 540 வரை வந்த கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

படம் போய்ச் சேரும் இடம்

படங்களில் நல்லது ஒன்று ஊருக்குத் திரும்பி வருவதுண்டு. வழி பெரும்பாலும் ஒன்றே. ஊராட்சிப் பிரமுகர் ஒருவர், "அண்ணாச்சி, நம்ம ஊர்க் கொக்குப் படம் ஒண்ணு குடுங்க, தட்டியில போடுவோம், ஊருக்குப் பெருமை" என்று கேட்கிறார். இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நொடியில், ஒவ்வோர் இறகும் எண்ணும்படி எடுத்த அந்தப் படம் ஃபிளெக்ஸ் கடைக்குப் போகிறது. அங்கே கணினி முன் இருக்கும் தம்பிக்குத் தன்னுடைய கலையின் விதிகள் உண்டு. மேல் வரிசையில் தலைவர்கள், வட்டம் வட்டமாக. நடுவில் பிரமுகர், காதில் செல்பேசியோடு, நடந்து வரும் தோரணையில். கீழே இவண் என்று போட்டு முப்பது தலைகள். எஞ்சிய இடத்தில்தான் பறவை. ஒளிப்படக்காரர் ஊரை வெட்டி நாரையை வைத்துக்கொண்டார். தம்பி நாரையை வெட்டி ஊரை வைக்கிறார். இறுதியில் பிரமுகரின் முழங்கைக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சள் அலகும், செல்பேசிக்கு மேலே ஒரு சிறகு நுனியும் தெரியும்.

தட்டி குளக்கரை வளைவில் இரண்டு வாரம் நிற்கும். கயிறு தளர்ந்ததும் உள்ளூர் வழக்கப்படி அடுத்த வேலைக்குப் போகும். ஃபிளெக்ஸ் மழை தாங்கும். வைக்கோல் படப்பை மூடலாம், குளியலுக்கு மறைப்புக் கட்டலாம், ஆட்டுக்கொட்டிலுக்குக் கூரை போடலாம். கூரையாகப் போடும்போது அச்சடித்த பக்கம் மேலே பார்க்கும்படி விரிப்பதே வழக்கம். அந்தப் பக்கத்தில்தான் தண்ணீர் வழுக்கி ஓடும். கொட்டில் வேப்பமரத்தடியில் இருக்கிறது. மரத்தில் கூடு இருக்கிறது. தலைவர்கள், பிரமுகர், முப்பது தலைகள், அரை அலகு எல்லாவற்றின் மீதும் பருவம் முழுவதும் வெள்ளையாக விழுந்துகொண்டிருக்கிறது. ஜூலையில் நாரைகள் கிளம்பிய பிறகு ஆச்சி அதைக் கழற்றி, உதறி, உதிர்வதை முருங்கைக்கு எருவாகப் போடுகிறார்.